கடைசி முப்பது அடி

ஆஸ்துமா என்பது ஒரு காரின் பெயர். வயது பதினேழு. மேடு ஏறும்போது இழுத்து இழுத்து மூச்சு விடும், நின்றால் இருமும், சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் இரண்டு தடவை விக்கிவிட்டுத்தான் ஓயும். பெயர் வைத்தவர் ஊசியம்மாவின் கணவர். அந்தக் காரை அவர் கண்ணால் ஒரு நாளும் பார்த்ததில்லை. பத்து வயதில் வந்த காய்ச்சல் பார்வையை முழுதாக எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் காதுக்கு ஒரு குறையும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. எதிர்முனையில் "ஹலோ" என்று ஒரு தடவை சொன்னால் போதும், அது எந்த வார்டு டாக்டர், சாப்பிட்டாரா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாரா என்பது வரை சொல்லிவிடுவார்.

ஊசியம்மா என்பதும் பட்டப்பெயர்தான். ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. அவள் காரை விட்டு இறங்கினாலே குழந்தைகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பெயரும் அவர்கள் வைத்ததுதான். ஒரு நாளைக்கு முப்பது வீடு, எண்பது கிலோமீட்டர். பின்சீட்டில் ஐஸ் பெட்டி, அதற்குள் பெயர் ஒட்டிய குழாய்கள். ஆறு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை நாலரை ஆகும்.

அந்த நாலரை மணிக்கு அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை முனையில் ஆஸ்துமா திரும்பும்போது இரண்டாவது கியரில் ஒரு முனகல் முனகும். அது அவர் காதில் விழுந்துவிடும். உடனே அடுப்பில் பாலை வைப்பார், செருப்பை மாட்டுவார், முற்றத்தைத் தாண்டிப் போய்க் கம்பி கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டு இடது பக்கச் சுவரோரம் நிற்பார். அவள் தெருவுக்குள் நுழையும்போது வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருப்பார். "கேட் என் இலாகா. இதுல யாரும் தலையிடக் கூடாது" என்பார். கல்யாணமான பதினான்கு வருஷத்தில் அவள் ஒரு தடவை ஹாரன் அடித்ததில்லை, ஒரு தடவை இறங்கிக் கேட்டைத் திறந்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மெக்கானிக் கையை விரித்தார்.

"இதுக்கு மேல என்கிட்ட கொண்டு வராதீங்கக்கா. எனக்கே பாவமா இருக்கு" என்றார். "ரெண்டு நிமிஷம் ஓட்டி அஞ்சு நிமிஷம் நிறுத்துறீங்க. எஞ்சின் சூடாகவே விடுறதில்ல. பதினேழு வருஷம் தாங்குனதே பெரிய விஷயம்."

தாங்காமல் போனது கார் மட்டுமில்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கிளட்ச் மிதித்து அவளுடைய இடது முழங்காலும் கந்தலாகிக் கிடந்தது. அதைப் பற்றி அவள் வீட்டில் மூச்சு விட்டதில்லை.

புதுக் கார் என்ற பேச்சு எழுந்ததும் அவளுடைய அண்ணனுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. டெலிபோன்காரர் தன் மச்சானுக்கு வைத்திருந்த பெயர் நடமாடும் பல்கலைக்கழகம். திங்கட்கிழமை வந்து, ஹைபிரிட்தான் வாங்க வேண்டும், எலெக்ட்ரிக் நடுவழியில் விட்டுவிடும் என்றார். செவ்வாய்க்கிழமை போன் செய்து, எலெக்ட்ரிக்தான் வாங்க வேண்டும், ஹைபிரிட் என்பது இரண்டுங்கெட்டான் என்றார். புதன்கிழமை, மழையில் பேட்டரிக்குத் தண்ணீர் போனால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டுவிட்டு, என்ன ஆகும் என்று சொல்லாமல் போனை வைத்தார். ஊசியம்மாவுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சனிக்கிழமை மதியம் கணவனும் மனைவியும் ஒரு கார் விற்பனை நிலையத்துக்குப் போனார்கள். அங்கே அவர்கள் மாட்டியது கேள்விக்கார அம்மாவிடம். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடி. மற்ற விற்பனையாளர்கள் காரின் கதவைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தபோது, இவர் இவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டார். வாங்க வந்தவர்களைக் கேள்வி கேட்டே பாதிப் பேரைத் துரத்திவிடுவார் என்று அந்த நிலையத்திலேயே அவருக்குப் பெயர்.

"வண்டி ராத்திரி எங்க தூங்கும் மேடம்?"

"எங்க முற்றத்துல."

"சுவர்ல கரண்ட் எடுக்க முடியுமா? சரி. ஒரு நாள்ல ரொம்ப அதிகமா ஓடினது எவ்வளவு? எத்தனை தடவை நிறுத்துவீங்க? வருஷத்துல எத்தனை தடவை தூரப் பயணம்?"

எண்பது, மிஞ்சினால் நூறு. முப்பது தடவை. வருஷத்துக்கு ஒரு தடவை, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தங்கை வீட்டுக்கு. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டுதான் அவர் பேச ஆரம்பித்தார்.

"ஹைபிரிட்டுக்கு ப்ளக் கிடையாது மேடம். பேட்டரி சின்னது, எஞ்சின் ஓடும்போதும் நீங்க பிரேக் போடும்போதும் தானே ஏத்திக்கும். பெட்ரோல் ஊத்தணும், ஆனா குறைச்சலா. சார்ஜ் போட இடம் இல்லாதவங்க, அடிக்கடி தூரம் போறவங்க, அவங்களுக்கு அது சரி. ப்ளக் வச்ச ஹைபிரிட்னும் ஒண்ணு இருக்கு. கொஞ்ச தூரம் கரண்ட்ல, மிச்சம் பெட்ரோல்ல. தினம் சார்ஜ் போடலைன்னா அந்தப் பெரிய பேட்டரிய சும்மா சுமந்துக்கிட்டுத் திரிய வேண்டியதுதான். மூணாவது முழு எலெக்ட்ரிக். பெட்ரோலே இல்ல. ராத்திரி செல்போன் மாதிரி சொருகிட்டுப் படுத்துடலாம்."

"நடுவழியில நின்னுட்டா?"

"காகிதத்துல போட்டிருக்கிற தூரத்த அப்படியே நம்பாதீங்க. ஏசி போட்டா குறையும், வேகமாப் போனா குறையும், வருஷம் ஆக ஆகக் கொஞ்சம் குறையும். கால் பங்கு கழிச்சுட்டு மிச்சத்த வச்சு யோசிங்க. உங்க எண்பதுக்கு அப்பவும் தாராளமா இருக்கு."

அதுவரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த டெலிபோன்காரர் இரண்டே கேள்வி கேட்டார்.

"கிளட்ச் உண்டா?"

"கிடையாது சார்."

"அதிருமா?"

"அதிராது."

"அப்ப எலெக்ட்ரிக்தான். எழுதிக்குங்க" என்றார் அவர். ஊசியம்மாவுக்கு ஆச்சரியம். ஒரு துண்டு வாங்குவதற்கே மூன்று கடை ஏறி இறங்குகிறவர், இதில் ஒற்றைக் காலில் நிற்கிறாரே என்று நினைத்தாள்.

அங்கே ஐந்து வருஷம் ஓடிய எலெக்ட்ரிக் கார் ஒன்று இருந்தது. அதுவரை ஒரே ஆள் கையில் இருந்தது, பேட்டரியைச் சோதித்த அறிக்கையும் கூடவே இருந்தது. இருவரும் உள்ளே உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். ஆனால் கேள்விக்கார அம்மா கையெழுத்து வாங்க மறுத்துவிட்டார். அவருடைய கட்டுப்பாடு அது. வாங்குகிறவர்கள் ஒரு முழு வேலை நாள் வண்டியைத் தங்கள் வேலைக்கு எடுத்துப் போக வேண்டும். கிளம்பும்போது பேட்டரி எவ்வளவு, திரும்பும்போது எவ்வளவு என்று எழுதி வர வேண்டும். "கடைக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்துனா எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்" என்றார்.

திங்கட்கிழமை விடியலில் ஊசியம்மா அந்தக் காரில் கிளம்பினாள். சும்மா சொல்லக்கூடாது, சொர்க்கமாக இருந்தது. பெட்டியில் குழாய்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிலுகிலுக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாகவே வேகம் குறைந்து பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது. முப்பதாவது வீட்டின் படியை ஏறியபோதுதான் முழங்கால் வலிக்கவில்லை என்பதே அவளுக்கு நினைவு வந்தது. எண்பத்திரண்டு கிலோமீட்டர் முடிந்து பேட்டரி ஐம்பத்தெட்டு சதவீதத்தில் நின்றது. இதுதான் என் வண்டி என்று முடிவே கட்டிவிட்டாள்.

நாலேகாலுக்குத் தன் தெருவுக்குள் திரும்பினாள். கேட் மூடியிருந்தது. ஆஸ்துமாவின் முனகல் வராது என்று முன்கூட்டியே வந்து, கம்பிகளுக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார்.

கேட்டுக்கு முன்னால் மூன்றடியில் வண்டியை நிறுத்தினாள். அவர் அசையவில்லை. கண்ணாடி ஏற்றியிருந்தது, வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. அவள் வந்தது அவருக்குத் தெரியவில்லை.

கூப்பிடத்தான் வாயைத் திறந்தாள். அப்படியே நிறுத்திக்கொண்டாள். ஏனென்றால் அவள் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டாள்.

தலையைக் கொஞ்சம் சாய்த்து, உதடு லேசாகப் பிரிந்து, தெரு முனையை நோக்கி முழு முகத்தையும் கொடுத்துக்கொண்டு நின்றிருந்தார். கட்டை விரல் தாழ்ப்பாளைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. எங்கோ ஒரு ஸ்கூட்டர் போயிற்று. முகம் அந்தப் பக்கம் திரும்பி, அது இல்லை என்று தெரிந்ததும் சுருங்கி, மறுபடி தெரு முனைக்கே வந்தது. பள்ளிக்கூட வாசலில் தன் பிள்ளை இன்னும் வெளியே வரவில்லையே என்று நிற்பவர்களின் முகம் அப்படி இருக்கும். பதினான்கு வருஷமாக ஊசியம்மா பார்த்ததெல்லாம் அவள் வந்துவிட்டாள் என்று தெரிந்த பிறகு சிரிக்கிற முகம். தெரிவதற்கு முன்னால் இருக்கிற முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். இந்த மனுஷன் என்னை இப்படியா எதிர்பார்க்கிறார் என்று நினைத்தாள்.

அவள் சுதாரித்துக்கொள்வதற்குள் அவர் கேட்டைத் திறந்து, இன்னும் நன்றாகக் கேட்கலாம் என்று தெருவில் கால் வைத்தார். முழங்கால் பம்பரில் போய் இடித்தது. தூக்கிவாரிப் போட்டுப் பின்னால் சாய்ந்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு?"

"நான்தாங்க." இறங்கி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவர் சிரித்தார். ஆனால் மறு கை கம்பியை விடவில்லை.

"எப்ப வந்த?"

"இப்பத்தான்" என்று பொய் சொன்னாள். வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது அவர் கால் வைத்திருந்தால் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது.

அன்றைக்கு அடுப்பில் பால் வைக்கப்படவில்லை. சமையலறையில் நின்றபடியே அவள் சொன்னாள்.

"இந்த வண்டி வேண்டாங்க."

"ஏன், நல்லாத்தானே இருக்குன்னு மத்தியானம் போன்ல சொன்ன?"

"நல்லா இருந்தா என்ன. உங்களுக்குக் கேக்கலையே."

"கேக்கலைன்னா என்ன, நீ வந்து ஹாரன் அடி."

"ஊர்ல ஓடுற மத்த வண்டியெல்லாம் உங்களப் பாத்து ஹாரன் அடிக்குமா?"

அவர் தன் வெள்ளைக் குச்சியைத் தடவிக்கொண்டு நின்றார். அது புதுக் குச்சி. பழையது லிப்ட் கதவில் மாட்டி உடைந்துவிட்டது என்று பத்து நாளைக்கு முன்பு சொல்லியிருந்தார். ஊசியம்மா அந்தக் குச்சியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அது லிப்ட்ல உடையல, அப்படித்தானே?"

குச்சியின் நுனியைத் தரையில் தட்டினார். பிறகு, "ஆஸ்பத்திரி வாசல்ல. இதே மாதிரி சத்தமில்லாத வண்டி ஒண்ணு. நுனி மேல ஏறிட்டுப் போச்சு. நுனிதான், வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

"அது தெரிஞ்சுமா எலெக்ட்ரிக்தான்னு நின்னீங்க?"

"உன் முட்டி எனக்குக் கேக்குது" என்றார் அவர். "தூக்கத்துல புரண்டு படுக்கிறப்ப பல்லைக் கடிச்சுக்கிட்டு 'ஸ்ஸ்'னு ஒரு சத்தம் விடுற. ஆறு மாசமா. ஆஸ்துமா போடுற சத்தமெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. கேட்டுக்கிட்டுச் சும்மா படுத்திருக்க என்னால முடியல."

ஊசியம்மாவுக்குச் சண்டை போடத்தான் வாய் வந்தது. ஆனால் அழுகை முந்திக்கொண்டது. எனக்குத் தெரியாமல் என் வலியைக் கணக்காகக் கேட்டுக்கொண்டு ஒரு ஆள் பக்கத்தில் படுத்திருக்கிறாரே, நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று நினைத்தாள். அதை அவரிடமும் சொன்னாள். "சரி சரி, பாலைப் பாரு, பொங்கப் போகுது" என்றார் அவர். பாலை இன்னும் யாரும் அடுப்பில் வைக்கவே இல்லை.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் தீர்ப்பு எழுதினார். "ஹைபிரிட்டே வாங்கிடு. அதுல எஞ்சின் இருக்கு, சத்தம் வரும். மாப்ளைக்கும் கேக்கும், உனக்கும் கிளட்ச் இல்ல. நான் திங்கக்கிழமையே சொன்னேன்." சொன்னது உண்மைதான், செவ்வாய்க்கிழமை சொன்னதை அவர் மறந்துவிட்டார். ஊசியம்மாவுக்கு அது சரியாகத்தான் பட்டது. பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

மறுநாள் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போய், நடந்ததை ஒன்று விடாமல் கேள்விக்கார அம்மாவிடம் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஹைபிரிட் வாங்கினாலும் இதே கதைதான் மேடம். சந்துக்குள்ள மெதுவா வரும்போது எஞ்சின் தானே அணைஞ்சு பேட்டரியில உருளும். கடைசி கொஞ்ச தூரம் பூனை மாதிரிதான் வரும்" என்றார். பிறகு, "தப்பு என் மேலதான். சார் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. வண்டி எங்க தூங்கும்னு கேட்டேன், அங்க யாரு நிக்கிறாங்கன்னு கேக்காம விட்டுட்டேன். உள்ள உக்காந்து பாருங்கன்னு எல்லாருக்கும் சொல்றேன், வெளிய நின்னு பாருங்கன்னு யாருக்கும் சொன்னதில்ல. சார நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

புதன்கிழமை கேள்விக்கார அம்மா செய்ததை ஊசியம்மா சாகும்வரை மறக்க மாட்டாள். நிலையத்தின் பின்பக்கம், புது வண்டிகள் வந்து இறங்கும் திடலைக் காலி செய்ய வைத்திருந்தார். ஒரு தூணுக்குப் பின்னால், வண்டி ஏற முடியாத மேடையில் டெலிபோன்காரரை நிறுத்தினார். வண்டி வருவது கேட்டதும் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். வண்டியை அந்த அம்மாவே ஓட்டினார். கை உயர்ந்த இடத்தில் நிறுத்தி, இறங்கி, தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். மறுபடி ஏறினார்.

ஐந்து வருஷத்துப் பழைய கார் நான்கடி தூரத்துக்கு வந்த பிறகுதான் கை உயர்ந்தது. அதுவும் டயர் ஒரு கல்லை நசுக்கியதால். ஹைபிரிட்டும் நான்கடிதான். அதன் பிறகு எஞ்சின் திடீரென்று உறுமி அவரைத் துள்ள வைத்தது. மூன்றாவதாக ஒரு சின்ன எலெக்ட்ரிக் கார், இந்த வருஷத்தது. அது தூணை நோக்கி ஊர்ந்து வரும்போதே கை உயர்ந்துவிட்டது.

"இது ஏதோ முனகுதே" என்றார் டெலிபோன்காரர்.

"முன்னாடி சின்னதா ஒரு ஸ்பீக்கர் இருக்கு சார். மெதுவா போகும்போது நடக்கிறவங்களுக்குக் கேக்கணும்னே வச்சிருக்காங்க. இப்ப வர்ற வண்டியிலதான் இருக்கு, அந்தப் பழைய மாடல்ல கிடையாது. எப்படிக் கேக்குது?"

அவர் யோசித்தார். "எங்க பழைய டெலிபோன் போர்டுல லைன் கிடைச்சதும் ஒரு 'ம்ம்' வரும். அதுக்குச் சளி பிடிச்சிருந்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி."

அதோடு விட்டாரா கேள்விக்கார அம்மா? பின்பக்கமாக ஓட்டினார், பக்கத்தில் லாரியை ஓட விட்டுக்கொண்டு ஓட்டினார், திடலின் கதவைச் சாத்தி ஓட்டினார், திறந்து ஓட்டினார். மொத்தம் பதினொரு தடவை. நிலையத்தின் முன்பக்கம் இரண்டு குடும்பம் அவருக்காகக் காத்திருந்தது, சாப்பாட்டு நேரமும் தாண்டிப் போய்விட்டது. எல்லாக் கோடுகளையும் டேப் வைத்து அளந்தார். அமைதியான இடத்தில் முப்பது அடி, லாரி பக்கத்தில் ஓடினால் பதினைந்து.

"பழைய வண்டி மாதிரி ரெண்டு தெரு தள்ளிக் கேக்காது சார். அத என்னால கொண்டு வர முடியாது. முப்பது அடிதான் என்னால முடிஞ்சது" என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார். அந்தக் காருக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், முதலில் பார்த்த எலெக்ட்ரிக்கை விட ஓடும் தூரம் கொஞ்சம் குறைவு, தங்கை வீட்டுக்குப் போகும்போது வழியில் ஒரு தடவை நின்று சார்ஜ் போட வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

ஊசியம்மா அவருடைய சாக்பீஸ் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நன்றி என்று சொன்னால் போதாது என்று தோன்றியது. "உங்களுக்கு எப்ப ரத்தம் எடுக்கணும்னாலும் சொல்லுங்க. எறும்பு கடிச்ச மாதிரி கூட இருக்காது" என்றாள். அவளிடம் கொடுப்பதற்கு இருந்ததிலேயே பெரியது அதுதான். கேள்விக்கார அம்மா சிரித்துவிட்டு, அடுத்த மாதமே எடுக்க வேண்டியிருக்கிறது என்று முகவரி எழுதிக் கொடுத்தார்.

இரண்டு மாதமும் ஆஸ்துமா எப்படியோ தம் பிடித்து ஓடியது. எலெக்ட்ரீஷியன் வந்து முற்றத்துச் சுவருக்குத் தனி லைன் இழுத்துக் கொடுத்தார். மழை வந்தால் என்ன ஆகும் என்று அண்ணன் அவரிடம் கேட்டார். "நனையும்" என்றார் எலெக்ட்ரீஷியன். ஆஸ்துமாவை எடுத்துப் போக ஆள் வந்த அன்று டெலிபோன்காரர் அதன் பானெட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "நல்லா உழைச்ச, போயிட்டு வா" என்றார்.

புதுக் கார் வந்தது. மருந்துக்கடை முனையில் இப்போது முனகல் இல்லை. அதனால் அவர் நாலேகாலுக்கே பாலைக் காய்ச்சி மூடி வைத்துவிட்டு, கேட்டைத் திறந்து, சுவரோரம் வந்து நின்றுவிடுவார். எப்போது வருவாள் என்று தெரியாது. ஊசியம்மா தெருவுக்குள் திரும்பும்போது அந்த முகம் தெரியும். சாய்ந்த தலை, பிரிந்த உதடு, தாழ்ப்பாளைத் தேய்க்கிற விரல். முப்பது அடி இருக்கும்போது அந்தச் சளி பிடித்த 'ம்ம்' அவரை எட்டும். முகம் அப்படியே மாறும். அந்த மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே அவள் தெருவுக்குள் காலை எடுத்துவிட்டு வண்டியை ஊர விடுவாள். ஒரு நாள் முழுக்க முப்பது வீட்டில் முகத்தைச் சுளித்துக்கொண்டு கை நீட்டுகிறவர்களைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, அது கிடைப்பதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து டீ குடிக்கும்போது அவர் கேட்டார். "தெருவுக்குள்ள வந்ததும் ஏன் அப்படி ஊந்துக்கிட்டு வர?"

"பேட்டரி மிச்சங்க."

"ஓகோ" என்றார். ஒரு வாய் குடித்தார். "இன்னைக்கு அந்தக் கேள்விக்கார அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணாங்க, வேற விஷயமா. அவங்கள விசாரிச்சேன். முப்பது அடில ஒண்ணும் மிச்சமாகாதாமே."

ஊசியம்மா தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, கண்ணாடி அலமாரியில் சீப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மாலை அவள் தெருவுக்குள் திரும்பியபோது, அவர் படிய வாரிய தலையும் தேய்த்த சட்டையுமாகக் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவள் வண்டியை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினாள்.